வௌவால் என்று இரண்டு முறை

சுண்ணாம்பு ஊரை விட்டுக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் ஆறரை மணிப் பேருந்தில், தோளில் ஒரு பையும் இடது கைக் கட்டைவிரலில் ஒரு சின்னக் கட்டுமாகப் போனான். வெள்ளையடிக்கிற தொழில் செய்தவன். அதனால்தான் அந்தப் பெயர். சுவரோடு மல்லுக்கட்டியது போதும் என்று ஆழ்கடல் மீன்பிடிக் கப்பல் ஒன்றில் சேர்ந்திருந்தான். வழியனுப்ப வந்த அக்கா, அவன் படியில் கால் வைக்கிற வரைக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஃபோன் வந்துச்சாடா?”

“வரலக்கா. வரலைன்னா நல்லதுன்னு நர்ஸம்மாவே சொல்லிட்டாங்களே.”

நடந்தது இதுதான். அந்தத் திங்கட்கிழமை பூட்டிக் கிடந்த கிடங்கு ஒன்றுக்கு வெள்ளையடிக்கும்போது, சுவரின் மேலே இருந்த காற்றுத் துவாரத்துக்குள் கையை விட்டிருக்கிறான். உள்ளே இருந்த வௌவால் கடித்துவிட்டது. ஊசி குத்தினாற்போல் இரண்டு புள்ளி, அவ்வளவுதான். துறைமுக மருந்தகத்து நர்ஸ் காயத்தைக் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினாள். கைபேசியில் விவரத்தைப் பதிந்தாள். தடுப்பூசி பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும்தான் இருந்தது, அதுவும் கொஞ்சமாக. யாருக்குப் போட வேண்டும், எந்தெந்த நாளில் என்று சுகாதார அலுவலகம் பட்டியலைப் பார்த்து ஃபோனில் கூப்பிட்டுச் சொல்லும்.

“கூப்பிட்டா ஓடிப் போயிடுங்க. கூப்பிடலைன்னா பயப்பட ஒண்ணுமில்ல,” என்று அனுப்பிவைத்தாள் நர்ஸ்.

கூப்பிடவில்லை. பயப்படாமல் போனான்.

அதே வியாழக்கிழமை சுகாதார அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் கொக்கி அக்காவுக்கு நல்ல நாள். அந்த மாத அறிக்கை முதல் தடவையாக ஒரு காலிக் கட்டம்கூட இல்லாமல் மேலே போயிருந்தது. எதையும் வாய்திறந்து பாராட்டாத அதிகாரி, அவள் மேசைப் பக்கம் வந்து, “இப்பதாம்மா பார்க்கிற மாதிரி இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து மேசையில் ஃபோன் பேசுகிற வேலை பார்ப்பவள் அதைக் கேட்டு நாற்காலியோடு திரும்பினாள். கரகரத்த குரலால் அவளுக்குக் குயில் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“அக்கா, நம்ம ஆளு சிரிச்சாரா இப்ப?”

“பல்லு தெரிஞ்சுது. சிரிப்பான்னு தெரியல.”

கொக்கி அந்த அலுவலகத்துக்கு வந்தது இருபத்து மூன்று வயதில், பதிவேடு தூக்குகிற வேலைக்கு. அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. தடித்த பதிவேடு ஒன்று. யாரை எது கடித்தது என்று நாள்வாரியாக இருக்கும். மெல்லிய பதிவேடு இன்னொன்று. எது கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று இருக்கும். இடது கை ஆள்காட்டி விரலைத் தடித்ததில் வைத்து, வலது கை விரலை மெல்லியதில் ஓட்டி, பொருத்தமான வரியைப் பிடித்து, அங்கே இருப்பதை இங்கே எழுத வேண்டும். எழுத்தர்கள் நாலு பேர் இருந்தும், பதிவேடு தூக்க வந்தவளின் விரல்தான் வேகமாக ஓடியது. ஆறு மாதத்தில் அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள்.

இருபது வருடம் கழித்து மென்பொருள் வந்தபோது, அவள் வயதுக்காரர்கள் எல்லாரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினார்கள். இவளுக்கு அது புதிதாகவே தெரியவில்லை. விரல் செய்ததைத்தான் அது செய்தது. பெரிய அட்டவணையில் ஒரு வரியில் ‘நாய்’ என்று இருந்தால், சின்ன அட்டவணைக்குப் போய் ‘நாய்’ என்கிற வரியைக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் இருப்பதைக் கொண்டுவந்து ஒட்டும். அதற்கு இரண்டு அட்டவணைக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும். “ரெண்டுத்துக்கும் நடுவுல ஒரு கொக்கி போட்டு மாட்டினா போதும்,” என்று பயிற்சி வகுப்பில் பக்கத்து ஆளுக்கு அவள் விளக்கினாள். பாடம் நடத்தியவனின் விளக்கம் எல்லாருக்கும் மறந்துபோனது; அவள் பெயர் நிலைத்துவிட்டது. லிஃப்ட் பழுது பார்க்கிற அவள் கணவர்கூட வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். “நான் ஆளுங்கள மேல கீழ ஏத்தி இறக்கறேன். இவ குறுக்கால தேடறா. மொத்தத்துல ரெண்டு பேரும் கயிறு பிடிச்ச ஆளுங்கதான்.”

கொக்கியாக எண்களை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அவள் முதலில் சொன்னாள். நாய்க்கு ஒன்று, பூனைக்கு இரண்டு என்று. மருந்தகங்களில் முணுமுணுத்தார்கள்; எவள் நினைவில் வைத்துக்கொள்வது என்று. அதிகாரி, “பேரையே போடட்டும்மா. பேர் எழுதத் தெரியாதவங்களா?” என்றார். பெயரே கொக்கியானது.

சின்ன அட்டவணையில் பதினொரு வரி. நாய், பூனை, குரங்கு, எலி, குதிரை என்று போகும். எலிக்கு நேரே ‘அழைப்பு வேண்டாம்’. வௌவாலுக்கு நேரே ‘உடனே அழைக்க’. அந்த வருடம் ஊருக்குள் பிடித்த வௌவால்கள் இரண்டில் வெறிநோய் இருந்தது உறுதியாகியிருந்தது.

பெரிய அட்டவணையில் உள்ள சொல் சின்ன அட்டவணையில் இல்லாவிட்டால் கட்டம் காலியாக நிற்கும். மாதத்துக்கு முப்பது நாற்பது அப்படி நிற்கும். “பல்லு போன வாய் மாதிரி இருக்கு. இதை எப்படி மேல அனுப்பறது?” என்று அதிகாரி ஒவ்வொரு மாதமும் சலித்துக்கொள்வார். கொக்கி ஒருநாள் உட்கார்ந்து, ஆறு மாதக் காலிக் கட்டங்களை வரி வரியாகப் பார்த்தாள். முள், ஆணி, தகரம், கண்ணாடி. எது குத்தினாலும் கிழித்தாலும் மருந்தகங்களில் இதே படிவத்தில் பதிந்து தொலைத்திருக்கிறார்கள். ஒரு வரியில் கடித்தது ‘மாமியார்’ என்று இருந்தது. குயிலிடம் காட்டியபோது, “இதுக்கு மட்டும் எல்லா ஊசியும் போடணும்க்கா,” என்றாள் அவள்.

தேடுகிற கட்டளையின் கடைசியில் ஓர் இடம் உண்டு. கிடைக்காவிட்டால் என்ன போடுவது என்று அங்கே சொல்லிவைக்கலாம். முள்ளுக்கும் ஆணிக்கும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை அல்லவா? கொக்கி அந்த இடத்தில் ‘அழைப்பு வேண்டாம்’ என்று எழுதினாள். முப்பது நாற்பது ஓட்டைகளும் ஒரே நொடியில் அடைபட்டன. சுண்ணாம்பை வௌவால் கடிப்பதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால்.

ஒன்பது வாரம் கழித்து, நகராட்சியிலிருந்து பூச்சி மருந்து அடிப்பவர்களின் மேஸ்திரி வந்தார். எந்தெந்தப் பகுதியில் வௌவால் கடி என்று கணக்குக் கேட்டார். கொக்கி வடிகட்டிப் பார்த்துவிட்டு, “துறைமுகப் பக்கம் ஒண்ணும் இல்லைங்க,” என்றாள்.

“என்னம்மா சொல்றீங்க? அந்தக் கிடங்குலதான் கொத்துக் கொத்தா தொங்குது. நர்ஸம்மா தானே ஆறேழு பேருக்குக் காயம் கழுவினதா சொன்னாங்க.”

அவள் மறுபடியும் பெரிய அட்டவணையில் பதிவாகியிருந்த விலங்குகளின் பட்டியலைத் திறந்தாள். மேலிருந்து கீழே விரலை வைத்துக்கொண்டே வந்தாள். வௌவால் இருந்தது. நாலைந்து வரி தள்ளி இன்னொரு முறையும் இருந்தது. வெளவால்.

இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. இரண்டுக்கும் அணுவளவு வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியவில்லை. முன்னாலோ பின்னாலோ இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள், இல்லை. சொல்லின் நீளத்தை, குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாகச் சேர்த்து, எண்ணச் சொன்னாள். ஒன்றுக்கு ஆறு என்றது கம்ப்யூட்டர். மற்றதற்கு ஏழு என்றது.

இரண்டையும் தனியாக எடுத்துவைத்து, கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள். ல் போயிற்று, வா போயிற்று. முதல் சொல்லில் அடுத்த தட்டில் ஔகாரக் குறி முழுதாகக் கழன்று வெறும் வ நின்றது. இரண்டாவதில் ள மட்டும் தனியாக விழுந்தது. வெ மிஞ்சி நின்றது.

அப்போது புரிந்தது. ‘வௌ’வில் பக்கத்தில் நிற்பது ளகரம் மாதிரி இருக்கும், ளகரம் இல்லை. நர்ஸ் கண்ணால் பார்த்ததைக் கையால் எழுதியிருக்கிறாள்: முதலில் வெ, பிறகு ள. படிக்கிற மனிதர்கள் எவருக்கும் அது வௌவால்தான். மென்பொருளுக்கு அது பட்டியலில் இல்லாத ஏதோ ஒரு பிராணி. முள்ளோடும் தகரத்தோடும் மாமியாரோடும் சேர்த்து அதையும் ‘அழைப்பு வேண்டாம்’ என்று தள்ளியிருந்தது.

அப்படி ஒன்பது பேர்.

மேஸ்திரி எதிரே நின்றுகொண்டுதான் இருந்தார். “என்னம்மா, தண்ணி வேணுமா?” என்று கேட்டார். கொக்கி எழுந்து அதிகாரி அறைக்குப் போனாள். கதவைத் தட்ட மறந்துவிட்டாள். நின்றபடியே சொல்லி முடித்தாள். அவர் மேசையில் இருந்த அறிக்கையை மூடித் தள்ளிவைத்தார்.

“காலிக் கட்டம் வேண்டாம்னு சொன்னது நான்தான்,” என்றார்.

“என்ன போடணும்னு நீங்க சொல்லலீங்க. அது நான் போட்டது.”

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரை ஃபோனில் பிடித்தார்கள். அவர் சுற்றி வளைக்கவில்லை. அறிகுறி தெரியாதவரைக்கும் ஊசி காப்பாற்றும், எத்தனை வாரம் ஆகியிருந்தாலும் சரி. தெரிந்துவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தெரிந்துவிடும். சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும், அபூர்வமாக அதற்கு மேலும்.

குயில் அன்று மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. அந்தக் கரகரத்த குரலில் ஒவ்வொருவரிடமும், “பயப்படாதீங்க, ஆனா இன்னைக்கே வந்துடுங்க,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு நாளில் எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். அதில் ஒருவர், பணம் கட்டி வெளியூரில் முன்பே போட்டுக்கொண்டவர், அலுவலகத்துக்கே வந்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். கொக்கி அவர் பேச்சைக் கடைசி வரைக்கும் நின்று கேட்டாள். துறைமுக நர்ஸும் வந்தாள். அட்டவணையைக் காட்டியதும், “நான் தப்பா எழுதலையேக்கா. படிச்சுப் பாருங்க, வௌவால்னுதானே இருக்கு?” என்றாள். படித்தால் அப்படித்தான் இருந்தது.

ஒன்பதாவது எண் மட்டும் அணைந்து கிடந்தது.

பதிவில் இருந்த முகவரிக்கு மூன்றாம் நாள் கொக்கியே போனாள். துறைமுகத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் நாலாவது. சுண்ணாம்பின் அக்கா வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். யார், என்ன என்று சொன்னதும் உட்கார ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டாள்.

“அவன் கப்பல்ல போய் ஒம்பது வாரமாச்சு. கரைக்கே வராத கப்பல். மீனை வேற கப்பல் வந்து வாங்கிட்டுப் போகுமாம். ஒரு வருஷத்துக்குப் பேச முடியாதுன்னு சொல்லிட்டுத்தான் போனான். ஏன் கேக்கறீங்க?”

கொக்கி சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அக்காவின் கை முடிச்சில் நின்றது.

“மூணு நாள் அந்த ஃபோனைக் கையிலயே வச்சிருந்தான். கக்கூஸுக்குப் போனாக்கூட என்கிட்ட குடுத்துட்டுப் போனான், அடிச்சா எடுன்னு. நீங்க கூப்பிடலைன்னுதான் தைரியமா போனான்.”

“தெரியும்மா.”

“என்ன தெரியும் உங்களுக்கு?”

கொக்கி கப்பலுக்கு ஆள் சேர்த்த முகவரின் எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். முகவர் தன்மையாகப் பேசினார். கப்பலுக்குத் தகவல் அனுப்புகிறேன் என்றார். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, “சொல்லியாச்சு,” என்றார். யார் சொன்னது, யாரிடம், அவன் என்ன பதில் சொன்னான் என்று கேட்டால், “சொல்லியாச்சும்மா, கவலைப்படாதீங்க,” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அதிகாரி இரண்டு முறை கடிதம் எழுதினார். அதற்கும் அதே பதில் வந்தது.

வீட்டில் கணவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார், “தெரியாம நடந்ததுக்கு இப்படி உருகிப் போனா எப்படி?”

“தெரியலைன்னா தெரியலைன்னு எழுதியிருக்கணும். நான் வேண்டாம்னு எழுதினேன்.”

அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் தூங்குகிற பக்கத்து ஜன்னலை மட்டும் தினமும் அவரே எழுந்து சாத்திவைத்தார்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. கொக்கி நாலு பக்கத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். அதைப் படித்த மேலிடத்தார் அவளை மாற்றவும் இல்லை, நீக்கவும் இல்லை; அதே நாற்காலியில் விட்டுவிட்டார்கள். வேறு எங்காவது தூக்கியடித்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. விலங்குகளுக்கு எண் கொடுத்தாள். இந்த முறை யாரும் முணுமுணுக்கவில்லை. கிடைக்காதவற்றின் இடத்தில் ‘தெரியவில்லை, கேட்கவும்’ என்று எழுதினாள். குயிலுக்கு வேலை இரண்டு பங்கானது. ஆணி குத்தியவர்களையும் கூப்பிட்டு, “எது கடிச்சுது?” என்று கேட்டுத் திட்டு வாங்கினாள். “திட்டட்டும்க்கா. உயிரோட இருந்துதானே திட்டறாங்க,” என்றாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு அட்டவணைகளைப் பொருத்தச் சொல்லிக்கொடுப்பது கொக்கியின் வேலையாகவே இருந்தது. முன்பெல்லாம் அவள் வகுப்பு என்றால் சிரிப்பு கேட்கும். இப்போது கட்டளையின் கடைசி இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுவாள். இங்கே நீங்கள் எழுதுவதை யாரோ ஒருத்தர் நம்பப்போகிறார் என்பாள். அதற்கு மேல் விளக்கமாட்டாள். புதிதாக வந்தவர்களுக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியிருக்கும்.

வாரம் ஒரு தடவை சுண்ணாம்பின் எண்ணுக்குச் செய்தி அனுப்பினாள். முதல் செய்தி நீளம்: தான் யார், என்ன தவறு நடந்தது, எந்த ஊர்க் கரையில் இறங்கினாலும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று. பிறகு வந்தவை ஒன்றிரண்டு வரி. எதுவும் போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் காட்டவில்லை. மூன்று மாதம் தாண்டியது. கொஞ்சம் மூச்சு வந்தது. ஆறு மாதம் தாண்டியது. அவனுடைய அக்காவைப் பார்க்க மாதம் ஒருமுறை போனாள். சில நாள் அந்த அம்மாள் வாளியைக் கவிழ்த்துப் போடுவாள். சில நாள் கதவையே திறக்கமாட்டாள். ஒரு தடவை திறக்காமலேயே உள்ளிருந்து கேட்டாள்.

“அந்த நோய் வந்தா வலிக்குமா?”

கொக்கி கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

“வலிக்கும்,” என்றாள்.

உள்ளிருந்து, “பொய் சொல்லாம சொன்னீங்க. போயிட்டு வாங்க,” என்று குரல் வந்தது.

ஒரு வருடம் ஆனது. கப்பல் எப்போது திரும்பும் என்று முகவருக்கே தெரியவில்லை. குயில், “இனிமே எதுக்குக்கா?” என்று மெதுவாகக் கேட்டாள். கொக்கி அந்த வாரத்துச் செய்தியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் கிளம்பிப் பதினாலு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், துவைத்த துணிகளைப் பிழிந்து உலர்த்திக்கொண்டிருக்கும்போது ஃபோன் அதிர்ந்தது. அவள் நனைந்த கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். சுண்ணாம்பின் எண்ணிலிருந்து ஒரு செய்தி.

“வணக்கம். உங்கள நான் பார்த்தது இல்ல. கப்பல்ல எல்லார் ஃபோனையும் வாங்கிப் பூட்டி வச்சிட்டாங்க, இன்னைக்குத்தான் கரையில திருப்பிக் குடுத்தாங்க. திறந்தா உங்ககிட்ட இருந்து மட்டும் அம்பத்திரண்டு செய்தி. எல்லாத்தையும் படிச்சேன். கப்பல்ல யாரும் என்கிட்ட எதுவும் சொல்லல. உடம்பு நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் இளைச்சிட்டேன், அது சாப்பாட்டால. அக்காகிட்ட நானே பேசறேன், நீங்க முந்திக்காதீங்க. நாளன்னைக்குக் கப்பல் மறுபடி கிளம்புது. இந்த ஊர் ஆஸ்பத்திரி காலையில எட்டு மணிக்குத் திறக்குமாம். இங்க எனக்கு யாரையும் தெரியாது, பாஷையும் வராது. போய் என்ன சொல்லணும்னு எழுதி அனுப்புங்க, அதை அப்படியே காட்டிடறேன்.”